மாதக் கணக்கு ஏன் எப்போதும் துண்டு விழுகிறது?

அடுத்த மாதம் உங்கள் வீட்டுக்கு மொத்தம் எவ்வளவு செலவாகும்? மேலே படிப்பதற்கு முன் அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். நன்றாக யோசித்தே எழுதலாம்.

நீங்கள் எழுதிய எண் பெரும்பாலும் உண்மையான செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும். உங்களுக்குக் கணக்கு வராது என்பதல்ல காரணம். கல்லூரிப் பேராசிரியரிடம் கேட்டாலும் கணக்காளரிடம் கேட்டாலும் தவறு ஒரே பக்கமாகத்தான் சாயும். கூடுதலாக எழுதுகிறவர்கள் மிகச் சிலர். தவறு எப்போதும் ஒரே திசையில் வருமானால் அதற்கு ஒரு பொறிமுறை இருக்க வேண்டும். உளவியல் அறிஞர்களும் பொருளியல் அறிஞர்களும் அதைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள்.

வீட்டு வரவு செலவுத் திட்டம் போட்டு இரண்டு மூன்று மாதத்தில் கைவிட்டவர்கள் நம்மிடையே ஏராளம். "எனக்குக் கட்டுப்பாடு போதாது" என்று அவர்கள் தங்களையே நொந்துகொள்வார்கள். பல வீடுகளில் கணவன் மனைவிக்குள் சண்டையும் இதில்தான் தொடங்குகிறது. ஆராய்ச்சிகளைப் படித்தால், குறை கட்டுப்பாட்டில் இருப்பதைவிடத் திட்டத்தில் போட்ட எண்ணில்தான் அதிகம் இருப்பதாகத் தெரிகிறது.

செலவை மதிப்பிடச் சொன்னால் நம் மூளை என்ன செய்கிறது? வழக்கமான ஒரு மாதத்தை மனத்தில் நிறுத்துகிறது. வாடகை, கார் தவணை, மளிகை, மின்கட்டணம், பெட்ரோல் எல்லாம் உடனே நினைவுக்கு வருகின்றன. அவற்றைக் கூட்டி விடை சொல்லிவிடுகிறது. கார் டயர் தேய்ந்துபோவதும், பிள்ளையின் பல்லுக்கு மருத்துவரிடம் போவதும், சித்தப்பா மகள் கல்யாணமும் அந்த மாதிரி மாதத்தில் இல்லை. அவை ஒவ்வொன்றும் "எப்போதாவது" வருபவை. ஆனால் எப்போதாவது வருகிற பத்து செலவுகள் சேர்ந்தால், ஏறக்குறைய மாதத்துக்கு ஒன்று வந்துவிடும்.

ஏபிகேல் சஸ்மன், ஆடம் ஆல்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட கட்டுரை இதைப் பற்றியதுதான். வழக்கத்துக்கு மாறான செலவு ஒவ்வொன்றையும் மனிதர்கள் தனியாக, "இது ஒரு தடவைதானே" என்று பார்க்கிறார்கள். அதனால் அவற்றின் மொத்தத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தாராளமாகவும் செலவழித்துவிடுகிறார்கள். கல்யாண மொய்யில் கை நீளுவதற்கும், விடுமுறைப் பயணத்தில் "வந்தது வந்துவிட்டோம்" என்று வாங்குவதற்கும் இதே மனநிலைதான்.

இதற்குப் பின்னால் ஒரு புள்ளியியல் உண்மையும் இருக்கிறது. செலவு குறைவதற்கு ஓர் அடித்தளம் உண்டு. வாடகையும் தவணையும் அரிசியும் இல்லாத மாதம் வராது. செலவு கூடுவதற்கோ கூரையே இல்லை. வழக்கத்தைவிட இரண்டாயிரம் ரிங்கிட் கூடும் மாதம் வரலாம். இரண்டாயிரம் குறையும் மாதம் வரவே வராது. ஆகவே செலவுகளை வரைபடமாகப் போட்டால் வலப்பக்கம் வால் நீண்டிருக்கும். இப்படிப்பட்ட பரவலில், அடிக்கடி வரும் மதிப்பைவிடச் சராசரி பொதுவாக உயர்ந்தே நிற்கும். நம் மூளை அடிக்கடி வருவதைத் திட்டத்தில் எழுதுகிறது. வங்கிக் கணக்கோ சராசரிப்படி காலியாகிறது.

எண்ணில் பார்த்தால் விளங்கும். கிள்ளானில் வாடகை வீட்டில் இருக்கும் நால்வர் குடும்பம் ஒன்றை வைத்துக்கொள்வோம். இருவர் வேலைக்குப் போகிறார்கள். இபிஎஃப், சொக்சோ பிடித்தம் போகக் கையில் வருவது மாதம் 5,200 ரிங்கிட். வாடகை 1,200, கார் தவணை 650, மளிகையும் சந்தையும் 1,100, பெட்ரோலும் டோலும் 450, மின்சாரம் தண்ணீர் இணையம் கைப்பேசி 430, பள்ளி வேனும் டியூஷனும் 350, வெளியில் சாப்பிடுவது 300, ஊரில் இருக்கும் பெற்றோருக்கு 200. மொத்தம் 4,680. ஆக, தாளில் 520 ரிங்கிட் மிச்சம். "மாதம் ஐந்நூறு சேமிக்கலாமே" என்று அந்தக் குடும்பம் மகிழும்.

இப்போது ஆண்டுச் செலவுகள். கார் காப்புறுதியும் சாலை வரியும் 1,300. கார் சர்வீஸ், டயர் 1,400. தீபாவளி 1,500. பள்ளித் திறப்பு 800. கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் எனப் போகும் மொய் 1,200. கிளினிக், பல் மருத்துவர் 700. சலவை இயந்திரமோ குளிர்சாதனமோ பழுதானால் 900. தைப்பூசம், பள்ளி விடுமுறை என்று ஊருக்குப் போய்வர 600. கூட்டினால் 8,400, பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 700 ரிங்கிட். இதில் ஆடம்பரம் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. இருந்தும் 520 மிச்சம் பிடிக்க வேண்டிய குடும்பத்துக்கு மாதாமாதம் 180 துண்டு விழுகிறது. அவர்களின் "சாதாரண மாதம்" 4,680. உண்மையான சராசரி 5,380.

துண்டு விழும் 180 எங்கே போகிறது? பல வீடுகளில் அது கடன்பற்று அட்டையில் போய் உட்காருகிறது. ஆண்டுக்கு 2,160. இரண்டு ஆண்டில் நான்காயிரத்தைத் தாண்டிவிடும், வட்டியைச் சேர்க்காமலேயே.

அந்த நான்காயிரத்தையும் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். நம் நாட்டில் அட்டைக்குக் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை, நிலுவையில் 5 விழுக்காடு அல்லது 50 ரிங்கிட், இதில் எது அதிகமோ அது. வட்டி, நீங்கள் ஒழுங்காகக் கட்டிவருவதைப் பொறுத்து ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு வரை. 18 விழுக்காடு என்றால் முதல் மாத வட்டி 60 ரிங்கிட். நீங்கள் கட்டும் ஏறத்தாழ 200-இல் 60 வட்டிக்கே போய்விடும். நிலுவை குறையக் குறையக் கட்டும் தொகையும் குறைவதால் கடன் ஊர்ந்துதான் இறங்கும். குறைந்தபட்சத்தை மட்டும் கட்டிவந்தால், அட்டையில் புதிதாக ஒன்றுமே வாங்காவிட்டாலும், முடிய ஐந்து ஆண்டுக்கு மேலாகும். வட்டி ஏறத்தாழ 1,450 ரிங்கிட். அதே கடனுக்கு மாதம் தவறாமல் 200 என்று நிலையாகக் கட்டினால் 24 மாதத்தில் முடியும். வட்டி 800 ரிங்கிட்டுக்குள் அடங்கும். முதல் மாதத்தில் இருவரும் கட்டுவது கிட்டத்தட்ட ஒரே தொகை என்பதைக் கவனியுங்கள். அறிக்கையில் அச்சாகி வரும் சிறிய எண்ணைப் பின்தொடர்வதுதான் வித்தியாசத்தை உண்டாக்குகிறது.

மதிப்பீட்டைத் திருத்துவது எப்படி?

"இன்னும் கவனமாக யோசியுங்கள்" என்று சொல்வதில் பயனில்லை. 1994-இல் கனடாவில் ஓர் ஆய்வு நடந்தது. பட்டப்படிப்பு ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று உளவியல் மாணவர்களைக் கேட்டார்கள். சராசரி விடை 33.9 நாள். எல்லாமே மோசமாகப் போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு 48.6 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55.5 நாள். மோசமான நிலையைக் கற்பனை செய்து சொன்ன எண்கூடப் போதவில்லை. கற்பனை செய்யும்போது மூளை கதை சொல்கிறது; அந்தக் கதையில் தடங்கல்கள் வருவதில்லை.

ஆகவே கற்பனையை விட்டுவிட்டுப் பழைய பதிவைப் பாருங்கள். வங்கிச் செயலியில் கடந்த 12 மாத அறிக்கையை எடுங்கள். அட்டை அறிக்கையையும் இ-வாலட் பதிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் வராத செலவுகளுக்கு மட்டும் சிவப்பு மையில் கோடு போடுங்கள். மளிகையையும் பெட்ரோலையும் ஒவ்வொன்றாக எழுதி மாளவேண்டாம்; அவை உங்களுக்குத் தெரிந்தவையே. ஒரு மாலைப்பொழுது போதும். கோடு போட்டவற்றின் கூட்டுத்தொகையைப் பார்த்துவிட்டுச் சிலர் திரும்பவும் கூட்டிப் பார்ப்பார்கள்.

பழைய பதிவு கையில் இல்லாதவர்களுக்கு இன்னோர் எளிய வழி உண்டு. ரே ஹாவர்ட், சஸ்மன் முதலியோர் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், மதிப்பிடுவதற்கு முன் "வரும் நாள்களில் உங்கள் செலவு வழக்கத்திலிருந்து மாறுபடுவதற்கு மூன்று காரணங்களைச் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். அந்த ஒரு கேள்வியே மதிப்பீட்டை உண்மைக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தது. நீங்கள் தொடக்கத்தில் எழுதிய எண்ணை இப்போது எடுத்து, அடுத்த மாதம் மாறுபடுவதற்கு மூன்று காரணங்களைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். யாருடைய பிறந்தநாள், எந்தப் பள்ளிக் கட்டணம், காருக்கு எப்போது சர்வீஸ் என்று யோசித்தாலே எண் ஏறத் தொடங்கும்.

காசுக்குப் பெயர் வைப்பது

எண் சரியாகிவிட்டால் மட்டும் பணம் நிற்காது. மாதம் 700 ஒதுக்க வேண்டும் என்று தெரிந்த பிறகும், அந்த 700 சம்பளக் கணக்கிலேயே கிடந்தால் பதினைந்தாம் தேதிக்குள் கரைந்துவிடும். இங்கே உதவுவது, பொருளியல் பாடநூல் "நடக்கக்கூடாது" என்று சொல்லும் ஒரு மனிதப் பழக்கம்.

டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1981-இல் ஒரு கேள்வி கேட்டார்கள். நாடகம் பார்க்கப் போகிறீர்கள். நுழைவுச்சீட்டு 10 டாலர். அரங்க வாசலில், பணமாக 10 டாலரைத் தொலைத்துவிட்டது தெரிகிறது. இருந்தாலும் சீட்டு வாங்குவீர்களா? 88 விழுக்காட்டினர் வாங்குவோம் என்றார்கள். வேறொரு குழுவிடம், ஏற்கெனவே வாங்கிய சீட்டே தொலைந்துவிட்டது, மீண்டும் வாங்குவீர்களா என்று கேட்டார்கள். 46 விழுக்காட்டினர் மட்டுமே ஆம் என்றார்கள். இரண்டிலும் இழப்பு 10 டாலர்தான். ஆனால் தொலைந்த சீட்டு "நாடகச் செலவு" என்ற பெட்டியில் எழுதப்பட்டுவிட்டது. இன்னொன்று வாங்கினால் அந்தப் பெட்டியில் 20 டாலர் ஆகிவிடுகிறது. தொலைந்த பணத்துக்குப் பெட்டி இல்லை.

2017-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலர் இதை "மனக்கணக்கு வைத்தல்" என்று பெயரிட்டு விரிவாக ஆராய்ந்தார். பள்ளியில் போட்ட மனக்கணக்கு அல்ல இது. மனத்துக்குள்ளேயே பல பேரேடுகள் வைத்திருப்பது. காசுக்குக் காசு வித்தியாசமில்லை என்கிறது பழைய பொருளியல். நம் பாட்டிமார்களுக்கு அப்படி இல்லை. அஞ்சறைப்பெட்டியில் ஒளித்த காசு, அரிசிப் பானைக்குள் வைத்த காசு, சாமி உண்டியல் காசு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஒரு வேலையும் இருந்தன. சாமிக் காசில் கறி வாங்கக் கை வராது.

டிலிப் சோமன், அமர் சீமா இருவரும் இந்தியாவில் குறைந்த கூலி வாங்கும் தொழிலாளர் குடும்பங்களிடம் இதைச் சோதித்து 2011-இல் வெளியிட்டார்கள். சேமிப்புப் பணத்தை உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். சிலருக்கு ஒரே உறை. சிலருக்கு அதே தொகை இரண்டு உறைகளில். சிலருடைய உறையில் அவர்கள் பிள்ளைகளின் படம் ஒட்டப்பட்டிருந்தது. இரண்டு உறை பெற்றவர்கள் அதிகம் சேமித்தார்கள். பிள்ளையின் படம் இருந்தவர்களும் அப்படியே. ஓர் உறையைக் கிழித்தாலும் அடுத்ததைக் கிழிப்பதற்கு இன்னொரு முறை மனம் துணிய வேண்டுமல்லவா? அந்த ஒரு நொடித் தயக்கம்தான் சேமிப்பு.

இந்தத் தயக்கத்தைத்தான் இன்றைய பணப் பட்டுவாடா முறைகள் ஒவ்வொன்றாகத் துடைத்தெடுக்கின்றன. டிராசென் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் ஆகியோர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கூடைப்பந்து ஆட்டத்துக்கான நுழைவுச்சீட்டை அமெரிக்க மாணவர்களிடம் ஏலம் விட்டார்கள். ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்று ஒரு குழுவிடமும், கடன்பற்று அட்டையில் கட்டலாம் என்று இன்னொரு குழுவிடமும் சொன்னார்கள். அட்டைக் குழு கேட்ட விலை ரொக்கக் குழுவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அது கியூஆர் குறியீட்டில் பணம் கட்டும் வழக்கம் வருவதற்கு முந்தைய காலம். இன்று நாசி லெமாக் கடைமுதல் நகைக்கடைவரை கைப்பேசியை நீட்டினால் போதும்.

திரும்பவும் ரொக்கத்துக்கு மாறுங்கள் என்று சொல்வது நடைமுறைக்கு ஒத்துவராது. உறையின் வேலையை வங்கிக் கணக்கைச் செய்ய வைக்கலாம். அட்டை இல்லாத, இ-வாலட்டோடு இணைக்காத தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து, சம்பளம் ஏறும் நாளிலேயே 700 ரிங்கிட் தானாக அங்கே போகும்படி வங்கியில் நிலையான கட்டளை கொடுத்துவிடுங்கள். வங்கிச் செயலி அனுமதித்தால் அதற்கு "தீபாவளி, கார், பள்ளி" என்று பெயரும் சூட்டுங்கள். பெயர் வைப்பது வேடிக்கைக்காக அல்ல என்பது இப்போது புரிந்திருக்கும். இபிஎஃப் சந்தாவாக நம் சம்பளத்தில் 11 விழுக்காடு போவதை எத்தனை பேர் மாதாமாதம் உணர்கிறோம்? கைக்கு வராத காசு செலவாவதில்லை.

முதல் ஆண்டு மட்டும் இந்த ஏற்பாடு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். தீபாவளிக்கு மூன்று மாதம் இருக்கும்போது தொடங்கினால், அதற்கென 375 ரிங்கிட்தான் சேர்ந்திருக்கும், 1,500 இருக்காது. போனஸோ மிகைநேரச் சம்பளமோ வந்தால் முதலில் இந்தக் கணக்கில் போட்டுவிடுவது நல்லது. இல்லையென்றால் அந்த ஒரு தீபாவளியைச் சுருக்கிக்கொள்ள வேண்டியதுதான். இதை முன்கூட்டியே வீட்டில் பேசிவிட்டால் பிள்ளைகளும் புரிந்துகொள்வார்கள்.

நம்மவர்கள் பலர் கூட்டுப் பிடிப்பதும் இதே காரணத்தால்தான் பலிக்கிறது. காசுக்கு ஒரு பெயர், ஒரு தேதி, கட்டாவிட்டால் பத்துப் பேர் முன்னால் தலைகுனிவு என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. ஆனால் அதைத் தொழிலாக நடத்துவதை நம் நாட்டில் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே "கூட்டு" என்ற சொல் இருக்கிறது. நடத்துபவர் ஓடிவிட்டால் பணத்தை மீட்பது பெரும்பாடு. மனத்துக்குப் பிடித்த முறை எல்லாமே பணத்துக்குப் பாதுகாப்பான முறை ஆகிவிடாது.

எப்போது உட்கார்ந்து திட்டமிடுவது?

பெரும்பாலோர் பணம் தீர்ந்துபோன மாதக் கடைசியில்தான் நோட்டுப் புத்தகத்தைத் தேடுகிறார்கள். அது மிக மோசமான நேரம் என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு சான்று இருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடந்த ஆய்வு அது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் 2013-இல் "சயன்ஸ்" இதழில் அதை வெளியிட்டார்கள்.

கரும்பு விவசாயிக்குப் பணம் அறுவடை முடிந்துதான் வருகிறது. அறுவடைக்கு முன் நகை அடகுக்குப் போகும். வந்த பிறகு மீளும். ஒரே மனிதருக்கு அறுவடைக்கு முன்னும் பின்னும் ஒரே வகையான அறிவுச் சோதனைகளை வைத்தார்கள். வடிவ வரிசையில் விடுபட்டதைக் கண்டுபிடிப்பது அவற்றில் ஒன்று. பணத்தட்டுப்பாடு இருந்த காலத்தில் அதே விவசாயி குறைவாகவே மதிப்பெண் எடுத்தார். அவருடைய அறிவு எங்கும் போய்விடவில்லை. அதில் ஒரு பகுதி "நாளைக்கு என்ன செய்வது" என்ற கணக்கில் சிக்கியிருந்தது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இந்த ஆய்வின் புள்ளியியலைப் பற்றி மற்ற அறிஞர்கள் விவாதித்திருக்கிறார்கள். ஆனால் கடனுக்குக் கெடு நெருங்கும்போது கடையில் சில்லறை எண்ணுவதற்கே தடுமாறியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

ஆகவே கணக்குப் பார்ப்பதைச் சம்பளம் வந்த மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடினமான முடிவுகளைக் கையில் பணம் இருக்கும்போது எடுத்து, வங்கிக் கட்டளையாக மாற்றிவிடுங்கள். மாதக் கடைசியில் சோர்ந்த மூளை முடிவெடுக்க வேண்டிய தேவையே இருக்கக்கூடாது. தம்பதியர் சேர்ந்து உட்காருவதற்கும் அதுதான் நல்ல நாள்.

கிள்ளான் குடும்பத்துக்கு வருவோம். உறையும் பெயரும் கட்டளையும் எல்லாம் வைத்தாலும் அவர்களுக்கு 180 துண்டு விழுவது மாறாது. சிக்கனம் என்றவுடன் எல்லாரும் தே தாரிக்கைத்தான் பிடித்துக்கொள்வார்கள். ஒரு குவளை 2 ரிங்கிட் 50 காசு என்று நாளுக்கு ஒன்றை விட்டாலும் மாதம் 75 தான் மிச்சம். மீதி 105 எங்கிருந்து வரும்? அந்தக் குடும்பத்தின் செலவில் 1,850 ரிங்கிட் வாடகையும் கார் தவணையும். பெரிய தொகை அங்கே இருக்கிறது. ஆனால் அது ஒரு முறை கையெழுத்துப் போட்டுப் பல ஆண்டு கட்டுவது. அடுத்த காரை வாங்கும்போது 650-க்குப் பதில் 450-இல் நிற்கும் தவணையைத் தேர்ந்தெடுப்பது, வாடகை ஒப்பந்தம் முடியும்போது வேறு வீடு பார்ப்பது போன்ற முடிவு ஒன்றே ஒன்று, அந்த 180-ஐ அடைத்துவிடும். விற்பனையாளர் "மாதம் இவ்வளவுதான்" என்று சொல்லும்போது உங்கள் கையில் 4,680 என்ற எண் இருக்கிறதா, 5,380 என்ற எண் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே அந்த முடிவு அமையும்.

ஏற்கெனவே அட்டைக் கடன் ஏறிவிட்டவர்கள் தனியாகப் போராட வேண்டியதில்லை. பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம் கட்டணமின்றி ஆலோசனை தருகிறது. வங்கிகளோடு பேசித் தவணையை மாற்றியமைக்கவும் உதவுகிறது. குறைந்தபட்சத் தொகையைக் கட்டவே திணறும் கட்டம் வரும்வரை காத்திருக்காமல் முன்னதாகவே போங்கள். போகும்போது சம்பளச் சீட்டு, கடன் அறிக்கைகள் ஆகியவற்றோடு, சிவப்புக் கோடு போட்ட அந்த ஆண்டுப் பட்டியலையும் கொண்டுசெல்லுங்கள். "மாதச் செலவு எவ்வளவு?" என்று அங்கே நிச்சயம் கேட்பார்கள்.